அடுத்த கைக்கு

தர்மா ஜெபம் பண்ணமாட்டான். கையை அழுத்துவான்.

வாரம் ஒருவர் வீட்டில் நடக்கும் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் அதற்கும் இடம் உண்டு. பாட்டு, வேதப் பாடம், பேச்சு எல்லாம் முடிந்தபின் எல்லாரும் வட்டமாக நின்று கை கோர்த்துக்கொள்வார்கள். ஒருவர் ஜெபித்து முடித்ததும் பக்கத்தில் நிற்பவரின் கையை மெல்ல அழுத்துவார். அப்புறம் அடுத்தவரின் முறை. வாய்விட்டு ஜெபிக்கக் கூச்சப்படுகிறவர்கள் வந்த அழுத்தத்தை அப்படியே அடுத்த கைக்குத் தள்ளிவிடலாம், யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். கூட்டத்துக்கு வந்த நாளிலிருந்து தர்மா இதைத்தான் செய்துகொண்டிருந்தான். கேஸ் லோரி ஓட்டி, தோம்பு என்கிற இரும்பு சிலிண்டரைத் தூக்கித் தூக்கிக் காய்த்துப்போன கை அவனுடையது. லேசாக அழுத்துவதாகத்தான் அவன் நினைப்பான். பக்கத்தில் நிற்கும் சிவாஜினி டீச்சரின் மோதிரம் விரலில் பதிந்துவிடும். டீச்சர் முகம் சுளிக்காமல், கண்ணைத் திறக்காமல், தன் ஜெபத்தைத் தொடங்குவார்.

மலேசியாவில் ஈப்போ நகரத்துப் புந்தோங் என்றால் கடலையும் முறுக்கும்தான் பலருக்கு ஞாபகம் வரும். கலாதேவிக்கு அது வெறும் ஞாபகம் இல்லை, பிழைப்பு. தர்மாவின் மனைவியான அவள் பின் சந்தில் கடலை, முறுக்கு எல்லாம் போடும் கச்சான் பூத்தே பட்டறையில் காலை ஏழு மணிக்கு அடுப்பு முன்னால் நின்றால் மாலை வரை எண்ணெய்ச் சட்டிதான். கூட்டத்துக்கு முதலில் வந்தவளும் அவள்தான். கூட வேலை செய்தவள் ஒருத்தி கூப்பிட்டாள், போனாள், அழுதாள், பிறகு அழாமலும் போகப் பழகிக்கொண்டாள். தர்மா மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து விட்டுவிட்டு வாசலில் சிகரெட்டோடு காத்திருப்பான். ஒரு வெள்ளிக்கிழமை மழை பிடித்துக்கொண்டது. ஈப்போ மழைக்குச் சொல்லவேண்டுமா, மலையிலிருந்து இறங்கினால் சட்டென்று விடாது. கூட்டத்தில் மூத்தவரான சன்னாசி குடையோடு வெளியே வந்தார்.

"உள்ள வா தம்பி. ஆண்டவரு வீட்டுல ஒதுங்குனா வாடக கேக்க மாட்டாருலா."

உள்ளே சுடச்சுட வறுத்த மீ கோரேங் நூடுல்ஸ் இருந்தது. முதல் சில மாதங்கள் மீ கோரேங்குக்காகத்தான் வந்தேன் என்று தர்மாவே ஒளிக்காமல் சொல்லுவான். பிறகு எதற்காக வந்தான் என்று அவன் சொன்னதில்லை.

சன்னாசி நகராண்மைக் கழகத்தில் சாக்கடை தூர்வாரி ஓய்வு பெற்றவர். ஞானஸ்நானத்தின்போது பாஸ்டர் வேதத்திலிருந்து நல்ல பெயராக ஒன்று வைத்துக்கொள்ளச் சொன்னாராம். அடையாள அட்டையை மாற்ற யார் அலைவது என்று சன்னாசி மறுத்துவிட்டார். அவரிடம் இன்னொரு வழக்கம் உண்டு. யார் வீட்டுக்குப் போனாலும் சப்பாத்தை வெளியே விடுவார், காலுறையை மட்டும் கழற்றமாட்டார். பங்குனி வெயிலில் கூட ஊதா நிறக் காலுறையோடு பாயில் சப்பணமிட்டு உட்கார்ந்திருப்பார். மாப்பிள்ளை மாதிரி இருக்கீங்கண்ணே என்று பெண்கள் கேலி செய்தால், குளிர்லா என்பார்.

கூட்டத்தை நடத்துவது சிவாஜினி டீச்சர். யாழ்ப்பாணத்துக் குடும்பம், தாத்தா காலத்திலேயே இங்கே ரயில்வே வேலைக்கு வந்தவர்கள். டீச்சர் ஈப்போ கார்டனில் தனியாக இருக்கிறார். பழைய சின்னக் காரை மெதுவாக ஓட்டிக்கொண்டு புந்தோங்குக்கு இறங்கி வருவார். புந்தோங் ஆட்களுக்கு அவரிடம் மரியாதை உண்டு, கொஞ்சம் பயமும் உண்டு. ஒவ்வொரு வாரமும் பேச்சு தொடங்குமுன் அவர் ஒரு விதியைச் சொல்லுவார்.

"இங்க கதைக்கிறது இந்த வாசற்படியைத் தாண்டப்படாது. சரியோ?"

எல்லாரும் ஆமென் என்பார்கள். அந்த விதியை நம்பித்தான் அங்கே ஆட்கள் வாயைத் திறந்தார்கள். மருமகளோடு ஒத்துப்போகாதது, மகன் ஜெயிலில் இருப்பது, இரவில் தூக்கம் வராதது என்று வெளியே சொல்ல முடியாததெல்லாம் அந்தப் பாயில் வந்து விழும். யாரும் பொறுக்கிக்கொண்டு போய் விற்றதில்லை. தர்மா ஒன்றும் சொல்லமாட்டான். ஆனால் கேட்டுக்கொண்டிருப்பான்.

சீனப் புத்தாண்டுப் பெருநாளுக்கு முந்தைய வாரங்களில் கேஸ் கடையில் முதலாளி தவுக்கே முதல் எல்லாருக்கும் மூச்சுவிட நேரமிருக்காது. சாப்பாட்டுக் கடைகள் எல்லாம் இரட்டைத் தோம்பு கேட்கும். அப்படி ஒரு நாள் தோம்பு ஒன்று வழுக்கி தர்மாவின் இடது சப்பாத்தின் மேல் விழுந்தது. வலிக்கவில்லை. வலிக்காததுதான் வினை. தர்மாவுக்கு இனிப்புநீர் என்னும் சர்க்கரை நோய் வந்து பல வருடம் ஆகிறது, பாதம் எப்போதோ மரத்துப்போயிருந்தது. காலைப் பார்க்காமலேயே நாட்கள் போயின. பிறகு பார்த்தான். பார்த்த பிறகு புண்ணை மறைக்கத் தொடங்கினான்.

நாளெல்லாம் எண்ணெய்ப் புகையில் நிற்கிற கலாதேவிக்கு அந்தக் காலின் வாடை எப்படித்தான் தெரிந்ததோ.

"என்னாங்க, சப்பாத்த ஏன் ரூம்புக்குள்ள கொண்டாந்து வெக்கிறீங்க?"

"வெளிய வெச்சா திருடிருவானுங்க."

"அந்தச் சப்பாத்தயா? குப்பைக்காரன் கூட எடுக்க மாட்டான். கால நீட்டுங்க."

"ஒன்னுமில்ல லா."

"ஒன்னுமில்லாத காலத்தான் நீட்டச் சொல்றேன்."

நீட்டினான். சுண்டுவிரலும் பக்கத்து விரலும் கறுத்து, நடுவே சீழ் கட்டியிருந்தது. கலாதேவி சமையலறைக்குப் போய்த் தண்ணீர் சூடாக்கிக் கொண்டுவந்தாள். வந்த வேகத்தில் பாதித் தண்ணீர் தரையில் சிந்தியது.

"ஆஸ்பத்திரிக்குப் போலாம். கிளம்புங்க."

"போனா வெட்டுவாங்க."

"வெட்டுவாங்கன்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்களா?"

"எங்கப்பாவுக்கு வெட்டுனாங்க. மொதல்ல வெரலு. அப்புறம் பாதம். அப்புறம் முட்டிக்குக் கீழ. லயத்து வீட்டுல கொண்டாந்து போட்டோம். ரப்பர் தோட்டத்துல அவரு பேரு சொன்னா எல்லாருக்கும் தெரியும், பிச்சைமுத்து மாதிரி மரம் சீவுறவன் கெடையாதும்பாங்க. அந்த மனுசன் செவுத்தப் பாத்துப் படுத்தவருதான். அந்த மழைக்காலத்தத் தாண்டல."

"அது அந்தக் காலம்."

"காலு அதே காலுதான்." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னான். "யாருகிட்டயும் சொல்லாத. லூமுட்டுல இருக்குற நம்ம பொம்பளப் புள்ளகிட்டயும் சொல்லாத, வேலய விட்டுட்டு ஓடியாரும். தவுக்கேக்குத் தெரிஞ்சா லோரிச் சாவிய வாங்கிருவாரு. சத்தியம் பண்ணு."

"எங்க வேதத்துல சத்தியம் பண்ணக் கூடாது."

"அப்ப ப்ரோமிஸ் பண்ணு."

பண்ணினாள். அதற்குப் பிறகு தினமும் மாலையில் கதவைச் சாத்திக்கொண்டு உப்புத் தண்ணீரில் கழுவி, மருந்துக் கடைக் களிம்பைப் பூசிக் கட்டிவிட்டாள். கறுப்பு குறையவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறியது.

பெருநாளுக்கு முந்திய வெள்ளிக்கிழமை வேலை குவிந்ததில் தர்மாவால் லோரியை விட்டு இறங்க முடியவில்லை. கலாதேவி மட்டும் கூட்டத்துக்குப் போனாள். அன்றைய பாடம் ஒருவர் பாரத்தை மற்றவர் சுமப்பதைப் பற்றியது. டீச்சர் விதியைச் சொன்னார், எல்லாரும் ஆமென் என்றார்கள். பாடம் பாதியில் இருக்கும்போது கலாதேவி உடைந்துபோனாள். எல்லாவற்றையும் கொட்டினாள். கடைசியில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அவருக்குத் தெரிஞ்சா என்னய மன்னிக்க மாட்டாரு. ஆனா இந்த நெருப்ப நான் தனியா எத்தன நாளைக்கு மடியில கட்டிக்கிட்டுத் திரியிறது?" என்றாள். பெண்கள் அவளைக் கட்டிக்கொண்டார்கள். சன்னாசி தலை குனிந்து தன் காலுறையையே பார்த்துக்கொண்டிருந்தார். டீச்சர் நீண்ட நேரம் ஜெபித்தார். அந்த ஜெபத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

குறை மறுநாள் காலையில்தான் நடந்தது. சபையில் ஜெபச் சங்கிலி என்று ஒன்று உண்டு. உபவாசமிருந்து ஜெபிக்கிற பெண்கள் போனில் ஒருவருக்கொருவர் விண்ணப்பங்களை அனுப்பிக்கொள்வார்கள். சிவாஜினி டீச்சர் இரவெல்லாம் தூங்காமல் கிடந்துவிட்டு, விடிந்ததும் போனை எடுத்துப் பேசி அனுப்பினார். புந்தோங்கில் ஒரு சகோதரர், கேஸ் லோரி ஓட்டுகிறவர், கால் விரலில் புண், ஊக்கமாக ஜெபியுங்கள். பெயரைச் சொல்லவில்லை. பெயரைச் சொல்லாததால் விதியை மீறவில்லை என்று அவர் மனசார நம்பினார். அந்தச் சபையில் கேஸ் லோரி ஓட்டுகிறவர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று படித்த மனுஷிக்குத் தோன்றாமல் போயிற்று.

பெருநாளுக்குக் கடை மூடியிருந்ததால் அந்த ஞாயிற்றுக்கிழமை தர்மா ஆராதனைக்கு வந்தான். அபூர்வமாகத்தான் வருவான். முடிந்ததும் போர்ட்டிக்கோவில் தேநீரும் வடையும் கொடுத்தார்கள். அவன் வடையைப் பிட்டு வாயில் வைக்கப்போன நேரத்தில் நல்லம்மாள் வந்து நின்றாள். சபையில் மூத்த விசுவாசி, நல்ல மனுஷி, பூனை போல மெல்ல நடப்பாள், ஆனால் குரல் மட்டும் மைக் வைத்தது மாதிரி இருக்கும்.

"எந்தக் காலு தம்பி?"

"என்னாம்மா?"

"புண்ணு எந்தக் கால்ல? நேத்துலேருந்து நாங்க பச்சத்தண்ணி குடிக்கல. எதுன்னு தெரியாம ரெண்டு காலுக்கும் சேத்துத்தான் ஜெபிச்சோம். தெரிஞ்சா ஒரு காலுக்கே முழுசாப் புடிச்சு ஜெபிக்கலாம்லா."

சொல்லிக்கொண்டே குனிந்து அவன் சப்பாத்தின் மேல் கை வைத்தாள். வலது சப்பாத்து. பின்னாலிருந்து ஒருத்தி ஜெப எண்ணெய்க் குப்பியை நீட்டினாள். "சப்பாத்தக் கழட்டுங்க பிரதர், எண்ணெ உள்ள படணும்" என்றார் ஒரு பெரியவர். தேநீர் வரிசையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். தர்மா கூட்டத்துக்கு மேலாகக் கலாதேவியைத் தேடினான். அவள் வடைத் தட்டோடு தூணருகே நின்றிருந்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும் தட்டை எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. அவன் வடையை மேசையில் வைத்தான், நல்லம்மாளின் கையை மரியாதையாகவே எடுத்துவிட்டான், மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். கலாதேவியைச் சன்னாசி தன் ஸ்கூட்டரில் கொண்டுபோய் வீட்டில் விட்டார்.

வீட்டில் சண்டை நடக்கவில்லை. நடந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். தர்மா ஒரே ஒரு தரம் கேட்டான்.

"ஒன் ஆண்டவருக்கு மட்டும் சொல்லியிருந்தா போதாதா?"

"பயமா இருந்துச்சுங்க."

"எனக்குப் பயமில்லயா? நான் ஒன்கிட்ட மட்டுந்தான சொன்னேன்."

அன்றிலிருந்து அவன் ஹாலில் படுத்தான். சப்பாத்தைத் தூங்கும்போது மட்டும் கழற்றினான், காலைப் போர்வைக்குள் சுருட்டிக்கொண்டான். கலாதேவி வெந்நீர்ப் பாத்திரத்தோடு வந்து நின்றால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வான். தினமும் அந்தக் காலைக் கழுவிக் கட்டின ஒரு கை இருந்தது, இப்போது அதுவும் போயிற்று. இரண்டு நாளில் வாடை ஹாலுக்கு வந்துவிட்டது. பட்டறையில் முறுக்குப் பிழியும்போது அவளுக்கு மாமனாரின் நினைப்பே வந்துகொண்டிருந்தது. அவள் பார்த்தேயிராத மனிதர். சுவரைப் பார்த்துப் படுத்திருந்த அவரை அவள் இப்போது தினமும் பார்த்தாள்.

செவ்வாய்க்கிழமை கொட்டுகிற மழையில் டீச்சர் வந்தார். உட்காரச் சொன்னாள் கலாதேவி, உட்காரவில்லை. சேலைக் கரை நனைந்து சொட்டியது.

"தர்மா தம்பி, நான் பிழை விட்டுட்டன்."

தர்மா நாற்காலியிலிருந்து எழுந்து நின்றான். டீச்சருக்கு முன்னால் உட்கார்ந்திருக்க அவனுக்கு வராது.

"வாசப்படி தாண்டாதுன்னு நீங்கதான சொன்னீங்க டீச்சர்."

"ஓம்."

"நான் ஒன்னும் பேசமாட்டேன்னு எல்லாரும் கிண்டல் பண்ணுவாங்க. ஆனா ஒவ்வொரு வாரமும் அந்த ரூல நீங்க சொல்லும்போது, என்னைக்காச்சும் நம்மளும் சொல்லலாம்னு நெனப்பேன். அதுக்குத்தான் வந்தேன். மீ கோரேங்குக்கு இல்ல."

டீச்சர் சாக்குச் சொல்லியிருந்தால் தர்மாவுக்குக் கோபப்பட வசதியாக இருந்திருக்கும். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். தர்மா அதைப் பார்க்கப் பிடிக்காமல் மழையிலேயே வெளியே போய்விட்டான்.

மறுநாள் காலை கேஸ் கடை திறக்கும்போது லோரியின் முன் இருக்கையில் சன்னாசி உட்கார்ந்திருந்தார். பழைய நகராண்மைக் கழகத் தொப்பி, சப்பாத்து, ஊதாக் காலுறை.

"தோம்பு எறக்குற கெலிண்டான் பையன் இன்னும் ஊர்லேருந்து வரலியாமே. தவுக்கேகிட்ட நான் வாரேன்னு சொல்லிட்டேன்."

"ஒங்களால தோம்பு தூக்க முடியுமாண்ணே?"

"தூக்க முடியாது. உருட்டுவேன். கூட ஒரு ஆளு இருந்தா ஒனக்கும் பேச்சுத்துணை."

"நான் பேசுற மூடுல இல்ல."

"நல்லதாப் போச்சு. நான் பேசறேன், நீ ஓட்டு."

ஆனால் சன்னாசி பேசவும் இல்லை. பாசார் சந்தைப் பக்கம் மூன்று கடைகள், ஒரு நாசி கண்டார் சோற்றுக் கடை, ஒரு கோயில் மடப்பள்ளி என்று இறக்கிக்கொண்டே போனார்கள். பத்து மணிக்கெல்லாம் தார் ரோடு கொதித்தது. பழைய டவுனில் ஒரு சீனர் சாப்பாட்டுக் கடைக்குச் சமையல்கட்டு மாடியில். குறுகலான மரப்படி. தர்மா தோளில் தோம்போடு முன்னால் ஏறினான், சன்னாசி பின்னாலிருந்து தாங்கிக்கொண்டே வந்தார். பாதிப் படியில் தர்மாவின் இடது கால் வழுக்கியது. சன்னாசி சுவரில் முதுகைக் கொடுத்துத் தோம்பைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேருமாக அதைப் படியில் நிறுத்தினார்கள். தர்மாவின் சப்பாத்து ஓரத்திலிருந்து தண்ணீர் போல ஏதோ கசிந்து மரப்படியில் இறங்கியது. வலிக்கவே இல்லை என்பதை அவன் முகத்திலேயே பார்க்க முடிந்தது. வலியைவிட அதுதான் அவனைப் பயமுறுத்தியது.

"ஒக்காரு" என்றார் சன்னாசி.

இரண்டு பேரும் படியில் உட்கார்ந்தார்கள். சன்னாசி குனிந்து தன் இடது சப்பாத்தைக் கழற்றினார். பிறகு காலுறையைக் கழற்றினார். உள்ளே பஞ்சு சுருட்டி வைத்திருந்தது கீழே விழுந்தது. பாதத்தில் மூன்று விரல்தான் இருந்தன.

தர்மா வெகுநேரம் பார்த்தான்.

"இது எப்பண்ணே?"

"எம் பொஞ்சாதி புனிதா செத்த மறு வருசம். அவ இருந்திருந்தா காத புடிச்சு இழுத்துக்கிட்டுப் போயிருப்பா. நான் ஒத்த ஆளு, மூடி மூடி வெச்சேன். கடசில பெரியாஸ்பத்திரில ரெண்டு வெரல எடுத்தாங்க. அதோட நின்னுருச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் என்னா, ரிட்டையர் ஆகுற வரைக்கும் சாக்கட லோங்காங்குல எறங்கிச் சேறு வாருனேன். இப்ப ஒன் தோம்பப் புடிச்சேன். புடிச்சேனா இல்லியா?"

"கூட்டத்துல யாருக்கும் தெரியாதா?"

"தெரியாது. வெக்கம்லா தம்பி. ஊரு புண்ணுக்கெல்லாம் ஜெபிச்சிருக்கேன், என் ஸ்தோக்கின மட்டும் கழட்டுனதில்ல. அன்னைக்கு ஒம் பொஞ்சாதி அழுதப்பவே கழட்டியிருக்கணும். ஸ்தோக்கின் மேல கைய வெச்சேன், எடுத்துட்டேன்." அவர் மூக்கை உறிஞ்சினார். "நீ வெட்டுனா செத்துருவேன்னு நெனக்கிற. ஒங்கப்பாவ நெனச்சுக்கிட்டுப் படுத்திருக்க. என்னயப் பாரு. நான் செத்தவனா?"

மேலேயிருந்து கடைக்காரர் எட்டிப் பார்த்து, கேஸ் மானா, கேஸ் மானா என்று மலாயில் கேஸ் எங்கே என்று கேட்டுக் கத்தினார். தர்மாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது. முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதான். சன்னாசி தடுக்கவில்லை. காலுறையைத் திரும்ப மாட்டாமல் சட்டைப் பையில் திணித்துக்கொண்டார்.

தோம்பைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு லோரியோடேயே ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பின்னால் முழுக்கத் தோம்பு அடுக்கிய கேஸ் லோரியைப் பார்த்ததும் வாசல் காவலாளி இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு ஓடிவந்தார். ரோட்டோரத்தில் நிறுத்திவிட்டுத் தர்மா தவுக்கேக்குப் போன் செய்தான். லோரிச் சாவி போகப்போகிறது என்று அவனுக்குத் தெரியும். தவுக்கே தானே மோட்டார் சைக்கிளில் வந்தார். காலைப் பார்த்தார். மலாயில் திட்டோ திட்டென்று திட்டினார். கால் நோகிறது என்றால் என்னிடம் ஏன் சொல்லவில்லை, இருபது வருசமாக என் கடையில் இருந்தும் என்னை யாரென்று நினைத்தாய் என்பதுதான் அதன் சாரம். சாவியை வாங்கிக்கொண்டார். போகும்போது, கால் ஆறும்வரை கடையில் உட்கார்ந்து போன் எடு, எனக்கும் காது சரியாகக் கேட்கவில்லை என்றார்.

இரண்டு விரல்களை எடுத்தார்கள். இன்னும் நாலு நாள் தள்ளியிருந்தால் பாதம் போயிருக்கும் என்று டாக்டர் சொன்னார். லூமுட்டிலிருந்து மகள் தினேஸ்வரி வந்து அப்பாவைக் கட்டிக்கொண்டு அழுதாள், பிறகு சொல்லாததற்காக அம்மாவையும் சேர்த்துத் திட்டினாள். கலாதேவி வாங்கிக்கொண்டாள். மயக்கம் தெளிந்த தர்மா முதலில் போர்வையைத் தூக்கிப் பார்த்தான். பாதம் இருந்தது. பிறகு கட்டிலோரத்தில் நின்ற மனைவியைப் பார்த்து, "வீட்டுக்குப் போனா தண்ணி சூடாக்கணும்லா" என்றான். அவள் தலையை ஆட்டினாள். அந்த வீட்டில் மன்னிப்பு அப்படித்தான் கேட்கப்பட்டது, அப்படித்தான் கொடுக்கவும்பட்டது.

வீடு திரும்பியபின் தினமும் காலையில் அரசாங்க கிளினிக்கில் காயத்துக்கு மருந்து மாற்றிக் கட்ட வேண்டும். கலாதேவி வேலைக்குப் போய்விடுவாள். முதல் நாள் காலையிலேயே சின்னக் கார் வாசலில் வந்து நின்றது. டீச்சர் இறங்கி, கேட்டைத் திறந்து காத்திருந்தார். தர்மா பின் இருக்கையில் ஏறினான். டாக்சியில் போவது போல இருவரும் போய் வந்தார்கள். மறுநாளும் கார் வந்தது. அதற்கு மறுநாளும். வரிசையில் காத்திருக்கும் நேரத்தில் டீச்சர் பின்னல் வேலை செய்வார், தர்மா மின்விசிறியைப் பார்ப்பான். ஒரு வாரம் கழித்து அவன் வாயைத் திறந்தான்.

"டீச்சர், மூனாவது கியர்னு ஒன்னு இருக்கு."

"தேவைப்படேக்க போடுறன்."

"போன வாரத்துலேருந்து தேவப்படுது."

மறுநாள் முன் இருக்கையில் ஏறினான். அதற்குப் பிறகு ரோட்டைப் பற்றி, தவுக்கேயைப் பற்றி, டீச்சரின் செத்துப்போன வீட்டுக்காரரைப் பற்றி என்று பேச்சு ஓடியது. ஒரு நாள் சிவப்பு விளக்கில் நிற்கும்போது அவன் கேட்டான்.

"ஏன் டீச்சர் வெளிய சொன்னீங்க?"

டீச்சர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே யோசித்தார்.

"எங்கட பத்துப் பேரின்ர ஜெபம் போதாது எண்டு நினைச்சன் தம்பி. இன்னும் கொஞ்சப் பேர் சேர்ந்தால் ஆண்டவருக்குக் கேக்கும் எண்டு. எத்தனை வருசமாக் கூட்டம் நடத்துறன். அந்தக் கூட்டத்தில எனக்கே போதிய நம்பிக்கை இருக்கேல்ல."

விளக்கு பச்சையானது. கொஞ்ச தூரம் போனதும் தர்மா, "லெப்டுல சிக்னல் போடுங்க டீச்சர்" என்றான்.

காயம் ஆறி, கட்டு சிறிதானபின் வந்த வெள்ளிக்கிழமை கூட்டம் தர்மாவின் வீட்டில். அவனே கேட்டு வாங்கிக்கொண்டான். கலாதேவி பட்டறையில் அரை நாள் லீவு எடுத்து மீ கோரேங் செய்தாள், சம்பல் அரைத்தாள், தட்டு நிறையக் கச்சான் பூத்தே வைத்தாள். மாலை மழை பெய்து ஓய்ந்திருந்தது. எல்லாரும் சப்பாத்தை வெளியே விட்டுவிட்டு வந்தார்கள். சன்னாசி வெறுங்காலோடு உள்ளே வந்தார். அவர் பாயில் உட்கார்ந்து இரண்டு காலையும் நீட்டி, "குளிரு விட்டுப்போச்சுலா" என்றார். யாரும் கேலி செய்யவில்லை. கலாதேவி அவருக்கு முதல் தட்டைக் கொடுத்தாள்.

விதியைச் சொல்லும் நேரம் வந்தது. டீச்சர் வாயைத் திறந்தார், மூடினார். தர்மாவைப் பார்த்தார்.

"சொல்லுங்க டீச்சர்" என்றான் தர்மா. "அது நல்ல ரூலுதான்."

டீச்சர் சொன்னார். கடைசியில், "முதல்ல இது எனக்கு" என்று சேர்த்துக்கொண்டார். ஆமென் என்று எல்லாரும் சொன்னபோது தர்மாவின் குரலும் அதில் இருந்தது.

பாடம் முடிந்து வட்டமாக நின்றார்கள். தர்மா கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு ஒரு பக்கம் கலாதேவியின் கையையும் மறுபக்கம் டீச்சரின் கையையும் பிடித்துக்கொண்டான். இந்த முறை வீட்டுக்காரன் என்பதால் அவனிடமிருந்துதான் தொடங்க வேண்டும். டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு, வழக்கமான அழுத்தத்துக்காக விரலைத் தயாராக வைத்திருந்தார். அழுத்தம் வரவில்லை. தர்மா தொண்டையைச் செருமினான். மாதக்கணக்கில் கேஸ் கடையில் போன் எடுத்துப் பழகியிருந்த வாய் அது.

"ஆண்டவரே, தர்மா பேசறேன்."

யாரோ சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள்.

"எனக்கு ஜெபிக்கத் தெரியாது. இருந்தாலும் சொல்லணும். காலு இருக்கு. ரொம்ப நன்றி. எங்கப்பாவுக்கு இந்த மாதிரி ஆளுங்க இல்ல, எனக்குக் குடுத்தீங்க. கலாவுக்கு நன்றி, அவ பயந்ததுனாலதான் நான் இருக்கேன். சன்னாசி அண்ணன் ஸ்தோக்கினுக்கு நன்றி. தவுக்கேக்கும் சேத்துக்குங்க, அவரு வேற சாமி கும்புடுறாரு, பரவால்ல லா. டீச்சர் எங்காலப் பத்தி வெளிய சொன்னதுக்கு நான் நன்றி சொல்ல மாட்டேன். ஆனா தெனம் காலையில வந்து கேட்டத் தொறந்தாங்கல்ல, அதுக்கு எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியல. நீங்களே சொல்லிருங்க. அப்புறம் நல்லம்மா அம்மா இன்னும் கேட்டுக்கிட்டே இருக்காங்க. அது இடது காலுன்னு அவங்ககிட்டயும் சொல்லிருங்க."

நிறுத்தினான். வேறு என்ன என்று யோசித்தான். ஒன்றும் பாக்கியில்லை. டீச்சரின் கையை அழுத்தினான். இந்த முறை மெதுவாகவே அழுத்தினான்.

சிவாஜினி டீச்சர் வாயைத் திறந்தார். எத்தனையோ வருடமாக வார்த்தைக்குத் தட்டுப்பாடே இல்லாத வாய். ஒரு சொல் வரவில்லை. அவர் செய்ததே இல்லாததைச் செய்தார். அழுத்தத்தை அப்படியே அடுத்த கைக்குத் தள்ளினார். அங்கே சன்னாசி நின்றார். அவரும் தள்ளினார். அவருக்கு அடுத்தவளும் தள்ளினாள். ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு, சத்தமே இல்லாமல், அழுத்தம் அந்தச் சின்ன ஹாலைச் சுற்றி வந்தது. கலாதேவியிடம் வந்தபோது அவள் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. எண்ணெய்ச் சூட்டில் காய்ந்துபோன தன் விரல்களால் அவள் கணவனின் கையை இறுக்கி அழுத்தினாள்.

அழுத்தம் வட்டத்தைச் சுற்றி அவனிடமே திரும்பி வந்துவிட்டது. தர்மா ஒரு கண்ணைத் திறந்து வட்டத்தைப் பார்த்தான். எல்லாரும் தலை குனிந்து நின்றார்கள். இனி தள்ளிவிட வேறு கை இல்லை.

"ஆமென்" என்றான் தர்மா.